ரைட் பண்ணிய டிவிடி பழைய டெக்கில் ஓடாதபோது: ஒரு கூத்துப் பதிவுக்காகச் செய்த வேலை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து ஒன்றின் வீடியோ இப்போது நான்கு டிவிடிகளில் இருக்கிறது. நான்கும் பழைய டெக்குகளில் முதலிலிருந்து கடைசி வரை தடங்காமல் ஓடுகின்றன. அந்த நிலைக்கு வருவதற்குள் டிஸ்க், சொஃப்ட்வெயார், டெக் என்று எல்லா இடத்திலும் கை வைக்க வேண்டியிருந்தது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்டார்கள். கூத்தில் ஆடியவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். அவர்கள் வீட்டில் இருப்பது குழாய் டிவியும், பின்னால் மூன்று நிற வயர் செருகும் டிவிடி டெக்கும்தான். அந்த டெக்கில் பென் ட்ரைவ் போட ஓட்டை கிடையாது. சீடியைப் போட்டு பிளே அழுத்துவது அவர்களுக்குப் பழக்கம். அவர்கள் ஆடியதை அவர்கள் வீட்டிலேயே அவர்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

முதலில் ஊர்ப் பொடியன்கள் யாரோ ரைட் பண்ணிக் கொடுத்த டிஸ்க்குகள் வீடு வீடாகப் போயிருந்தன. அவை ஓடவில்லை. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் எனக்கு மாமா முறை. "மருமகன், சீடியப் போட்டா சுத்துது, சுத்துது, மறுகா நிண்டுருது. படம் வருதில்ல" என்று ஃபோனில் சொன்னார். இன்னொரு வீட்டில் படம் வந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு கட்டங்கட்டமாக உடைந்து நின்றது. வேறொரு வீட்டில் டிஸ்க்கைப் போட்ட உடனே ஏதோ ஆங்கில எழுத்து வந்து தட்டு வெளியே வந்துவிட்டது. என் லப்டொப்பில் இவை எல்லாமே நன்றாக ஓடின. கொம்பியூட்டரில் ஓடுவதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பதை அங்கேயே ஏற்றுக்கொண்டு, மாமாவின் டெக்கைக் கேட்டு வாங்கி வந்தேன். 2006 வாக்கில் வாங்கியது. இருப்பதில் பழையது அதுதான். அதில் ஓடினால் மற்றதில் ஓடும் என்று கணக்கு வைத்தேன்.

எப்படி மறுக்கிறது என்று பார்ப்பது

டிஸ்க் ஓடவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும் டெக் மறுக்கும் விதம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்ததில்தான் வேலை பாதியாகக் குறைந்தது.

சிறிது நேரம் சுற்றிவிட்டு "நோ டிஸ்க்" என்று காட்டினால், லேசருக்கு டிஸ்க் தெரியவே இல்லை என்று பொருள். காரணம் டிஸ்க்கின் தரம், டிஸ்க்கின் வகை, லென்ஸ் இவற்றில் ஒன்று. டிஸ்க் தெரிந்து, ஆனால் வகை புரியவில்லை என்று செய்தி வந்தாலோ கோப்புப் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தாலோ, உள்ளே இருக்கும் கோப்புகள் டிவிடி வீடியோ முறையில் இல்லை. பாதி வரை ஓடி ஸ்டக் ஆனால் பெரும்பாலும் ரைட் பண்ணியதன் தரம், சில வேளை பிட்ரேட், அதாவது செக்கனுக்கு வாசிக்க வேண்டிய தரவின் அளவு, கூடிப்போனது.

ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே டெக்குகளையும் பக்கத்தில் டிஸ்க்குகளையும் எழுதி, எது எதில் எப்படி நின்றது என்று குறித்துக்கொண்டேன். கடையில் வாங்கிய அச்சடித்த டிவிடி ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். மாமாவின் டெக்கில் அது ஓடியது. அதனால் லென்ஸில் பழுதில்லை என்று நினைத்தேன். அது முழுச் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது.

உள்ளே என்ன இருந்தது

முதல் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு எம்பி4 கோப்பு. ஃபோனிலிருந்தும் கமராவிலிருந்தும் எடுத்ததை ஒட்டி, அப்படியே டிஸ்க்குக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். புதிய டெக்குகள் சில இதைப் படிக்கும். பழையவை படிக்காது. அவற்றுக்குத் தெரிந்தது டிவிடிக்குரிய எம்பெக்-2 வீடியோவும் அதற்கு முந்திய எம்பெக்-1உம் மட்டும்தான். சிலவற்றுக்கு மேலதிகமாக டிவ்எக்ஸ் என்ற வீடியோ வகை தெரியும், அதுவும் முகப்பில் அந்தச் சின்னம் இருந்தால்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. வெற்று டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: யுஎஸ்பி ட்ரைவ் மாதிரிப் பயன்படுத்தவா, சீடி டிவிடி பிளேயருடன் பயன்படுத்தவா என்று. முதலாவதைத் தெரிவு செய்தால் கோப்புகளைப் போடவும் அழிக்கவும் வசதியாக இருக்கும். ஆனால் அந்த முறையில் எழுதிய டிஸ்க் கொம்பியூட்டருக்கு மட்டுமே உரியது. டெக் அதைத் திரும்பியும் பார்க்காது. ஊரில் சுற்றிய டிஸ்க்குகளில் பாதி அப்படி எழுதியவை.

ஒரு சரியான டிவிடி வீடியோ டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் கோப்புகள். விஓபி ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. பக்கத்தில் ஓடியோ டிஎஸ் என்ற வெற்று ஃபோல்டரும் இருக்கும், அது வெறுமையாக இருப்பது பிழையில்லை. இந்த அமைப்பு இல்லாத டிஸ்க்குகளை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, மூலப் பதிவிலிருந்து புதிதாகத் தொடங்கினேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டிவிடி ரெக்கோடர் டெக்கிலோ கமராவிலோ நேரடியாகப் பதிந்த டிஸ்க் என்றால், பதிந்த அதே கருவியில் "ஃபைனலைஸ்" செய்து, அதாவது பதிவை முடித்து மூடி, வைக்காவிட்டால் மற்ற டெக்குகளில் பெரும்பாலும் ஓடாது. என்னிடம் கொண்டுவந்த பழைய கலியாண டிஸ்க் ஒன்றில் இருந்த கோளாறு அது மட்டும்தான். கமரா இன்னும் வேலை செய்ததால் தப்பியது.

பிஏஎல் முறைக்கு மாற்றியது

மூலப் பதிவு இரண்டு வகை. ஆடும் மேடையான களரிக்கு முன்னால் முக்காலியில் நிறுத்திய கமரா முழு இரவையும் எடுத்திருந்தது. அண்ணாவியாரும் மத்தளக்காரரும் நிற்கும் பக்கத்திலிருந்து ஒரு ஃபோனிலும் எடுத்திருந்தார்கள். சில வரவு ஆட்டங்களுக்கு, அதாவது பாத்திரம் களரிக்கு வந்து ஆடும் ஆட்டங்களுக்கு, ஃபோன் பதிவே நல்லதாக இருந்தது.

இலங்கையில் டிவிக்கு பிஏஎல் முறை. ஆகவே அளவு 720க்கு 576, செக்கனுக்கு 25 படம். ஒலி 48 கிலோ ஹேர்ட்ஸில் இருக்க வேண்டும். பாட்டுச் சீடியில் வரும் 44.1 டிவிடி வீடியோவுக்குச் சரிவராது. மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்தினேன். அதில் "பிஏஎல் டிவிடி" என்று இலக்குச் சொன்னால் இவை எல்லாம் தானாக அமையும். ஆனால் அதன் வழமையான வீடியோ பிட்ரேட் 6000 கிலோபிட், ஒலி 448. அந்தக் கணக்கில் இரண்டு மணி நேரம் 5.8 ஜிபி வரும், ஒரு டிஸ்க்கில் அடங்காது. 4400க்கு இறக்கி, ஒலியை 256 ஆக்கினேன். இரண்டு மணி நேரம் 4.2 ஜிபியில் நின்றது. எட்டு மணி நேரத்துக்கு நான்கு டிஸ்க்.

இரண்டு டிஸ்க்கில் அடக்கினால் செலவு பாதியாகும் என்று, அளவை 352க்கு 576 ஆக்கி, பிட்ரேட்டையும் பாதியாக்கி ஒன்று செய்து பார்த்தேன். அதுவும் டிவிடி வீடியோவில் அனுமதித்த அளவுதான், வேறு டெக்கில் ஓடவும் செய்தது. ஆனால் கூத்துக்கு அது ஒத்துவரவில்லை. பாடும்போது ஒரே இடத்தில் நிற்பவரின் முகம் பரவாயில்லை. வேகமான தாளத்துக்குச் சுற்றி ஆடத் தொடங்கியதும், உடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகளும் மினுங்கும் கரைகளும் சேர்ந்து படம் முழுக்கக் கட்டங்கட்டமாகச் சிதறியது. ஆட்டம்தான் கூத்து. அதைக் கெடுத்து டிஸ்க் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கே நான்காக இருக்கட்டும் என்று விட்டேன்.

ஃபோன் பதிவில் வேறொரு தொல்லை. ஃபோன் செக்கனுக்கு 30 படம் என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். அதை அப்படியே மாற்றியபோது முதல் சில நிமிடம் சரியாக இருந்தது. போகப் போக மத்தள அடி ஒரு பக்கம், சதங்கைக் கால் இன்னொரு பக்கம் ஆகிவிட்டது. அண்ணாவியார் பார்த்தால் அந்தக் கணமே எழுந்து போயிருப்பார். முதலில் நிலையான 25 படத்துக்கு ஒரு தடவை மாற்றி, அந்தக் கோப்பை எடுத்து டிவிடிக்கு மாற்றியதில் தாளமும் காலும் சேர்ந்தன. ஃபோன் வீடியோவை டிவிடியாக்கும் எவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள், கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

கமராப் பதிவு வரி விட்டு வரி எடுக்கும் முறையில் இருந்தது. அதில் மேல் வரி முதலில் வர வேண்டும். மாற்றும்போது அது தலைகீழானால் லப்டொப் திரையில் ஒன்றும் தெரியாது. குழாய் டிவியில் போட்டால், அசையும் ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் உதறும். எனக்கு அப்படித்தான் வந்தது. முதலில் டெக்கையும் வயரையும் சந்தேகப்பட்டு நேரம் போனது. பிறகு வரி ஒழுங்கை மேல் வரி முதலில் என்று சொல்லி மறுபடி மாற்றினேன். 1080இலிருந்து 576க்கு இறக்கும் இடத்திலும் வரி முறையைக் காத்து இறக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆடுபவரின் கை சீப்புப் பல் மாதிரித் தெரியும். உதறல் நின்றது.

இதன் பிறகு டிவிடி அமைக்கும் மென்பொருளான டிவிடி ஸ்டைலரில் போட்டு, ஒவ்வொரு வரவுக்கும் ஓர் அத்தியாயக் குறி வைத்து, மெனு இல்லாமல், போட்டதும் ஓடத் தொடங்கும்படி செய்தேன். ரிமோட் தொலைந்த வீடுகள்தான் அதிகம். மெனு வைத்தால் அதைத் தாண்ட முடியாமல் நிற்பார்கள். டிஸ்க் மாறும் இடத்தை மணிக்கணக்கில் வெட்டாமல், அரச சபைக் காட்சியான ஒரு கொலு முடிந்து அடுத்த வரவு தொடங்கும் இடமாகப் பார்த்து வெட்டினேன்.

டிஸ்க்கும் வேகமும்

இப்போது கோப்புகள் சரி. ஆனாலும் மாமாவின் டெக்கில் "நோ டிஸ்க்".

டிஸ்க் வீணாகாமல் சோதிக்கலாம் என்று அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்றில் அடித்துப் பார்த்தேன். அதையும் டெக் மறுத்தது. கோப்பில்தான் இன்னும் பிழை என்று நினைத்து மறுபடி அதைக் கிண்டியது வீண் வேலை. ஆர்டபிள்யூ டிஸ்க் திருப்பி அனுப்பும் ஒளி 18 முதல் 30 சதவீதம்தான். அச்சடித்த ஒற்றை அடுக்கு டிஸ்க்கும் ஒரு தடவை எழுதும் டிஸ்க்கும் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். பழைய டெக்கைச் சோதிக்க ஆர்டபிள்யூ உதவாது.

இன்னொரு சோதனைக்கு ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் நல்ல டிஸ்க்கில் எழுதினேன். அதையும் டெக் காணவில்லை. எழுதிய வளையம் மிக ஒடுக்கமாக இருந்தால் சில பழைய டெக்குகள் அதைத் தவறவிடும். டிஸ்க் எழுதும் மென்பொருளான நீரோவில் குறைந்தது 1 ஜிபி எழுதும்படி ஒரு தெரிவு இருப்பது இதற்காகத்தான். அதே துண்டைத் திரும்பத் திரும்ப வைத்து 1 ஜிபிக்கு மேல் நிரப்பி எழுதியதும், நீண்ட நேரம் தேடிய பிறகு டெக் அதைக் கண்டுகொண்டது. கண்டுகொண்டது என்பதே பெரிய முன்னேற்றம்.

அடுத்து டிஸ்க்கின் தரம். லப்டொப்பில் இருக்கும் மெல்லிய ட்ரைவ் பிழை எண்ணிக்கையைச் சொல்லாது. கழித்துப் போட்ட கொம்பியூட்டர் ஒன்றிலிருந்து லைட்-ஒன் ரைட்டர் ஒன்றைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பியாக்கும் அடப்டர் ஒன்றில் மாட்டினேன். பெரிய ட்ரைவுக்கு 12 வோல்ட் தேவை என்பதால் தனிப் பவருடன் வரும் அடப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். நீரோ டிஸ்க்ஸ்பீடில் தரச் சோதனை ஓடவிட்டால் இரண்டு வரைபடம் வரும். ஒன்று பிஐஇ, வாசிக்கும்போது வரும் சிறு பிழைகள். மற்றது பிஐஎஃப், முதல் தடவையில் திருத்த முடியாமல் போனவை. முதலாவது 280ஐயும் இரண்டாவது 4ஐயும் தாண்டக்கூடாது. இரண்டாவதைத்தான் நான் கூடுதலாகக் கவனித்தேன்.

உதிரியாக 80 ரூபாவுக்கு வாங்கிய டிஸ்க், நடுவில் 4க்குள் நின்றது. வெளி விளிம்பை நெருங்க நெருங்க பிஐஎஃப் ஏறி, 3.8 ஜிபிக்குப் பிறகு 30ஐத் தாண்டியது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படம் உடைந்த வீட்டின் கணக்கு இதோடு பொருந்தியது. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. இரண்டு மணி நேரத்தை 4.6 ஜிபியாக நிரப்பிய டிஸ்க்கில் அந்த நேரத்துக்கு லேசர் மையத்திலிருந்து ஏறத்தாழ 54 மில்லிமீட்டரில் இருக்கும். விளிம்போ 60இல்.

4.2 ஜிபியோடு நிறுத்தினால் விளிம்புப் பக்கம் எழுதக்கூடிய இடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வெறுமையாக நிற்கும். அது நல்ல டிஸ்க்குக்குப் பாதுகாப்பு. மோசமான டிஸ்க்கை அது காப்பாற்றவில்லை, உடையும் நேரம் சற்றுத் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

190 ரூபா டிஸ்க்குக்கு மாறினேன். உறையில் இருக்கும் பெயரை நம்பாமல், எழுதும் மென்பொருளான இம்ஜ்பேர்னின் வலப்பக்கத்தில் வரும், டிஸ்க்கைத் தயாரித்தவரைக் காட்டும் மீடியா குறியீட்டைப் பார்த்தேன். எம்சிசி 03ஆர்ஜி20 என்று வந்தது. அதே சோதனையில் பிஐஇ 20க்குள், பிஐஎஃப் 2, முழு டிஸ்க்குக்கும்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் ஒன்றே சொல்வார்கள்: எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது. நானும் 4 எக்ஸில், அதாவது அடிப்படை வேகத்தைப் போல நான்கு மடங்கில், எழுதினேன், ஒரு டிஸ்க்குக்குப் பதின்மூன்று பதினான்கு நிமிடம். பிறகு அதே பெட்டி டிஸ்க்கில் 8 எக்ஸில் எழுதிச் சோதித்தால், 8 எக்ஸ் வரைபடம் தெளிவாகத் தாழ்வாக இருந்தது. 16 எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்று தயாரானது. மிக மெதுவாக எழுதினால் அதற்கும் ஒத்துக்கொள்வதில்லை. 16 எக்ஸில் விளிம்புப் பக்கம் ஏறியது. என் ட்ரைவும் இந்த டிஸ்க்கும் சேர்ந்தால் 8 எக்ஸ்தான். வேறு ட்ரைவ் என்றால் இரண்டு வேகத்திலும் ஒவ்வொன்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிழை எண்ணிக்கை சொல்லாத ட்ரைவ் வைத்திருப்பவர்கள் அதே மென்பொருளில் வாசிப்பு வேகச் சோதனையை ஓடவிடலாம். கோடு வழுக்கி ஏறினால் நல்லது. கடைசியில் பள்ளம் பள்ளமாக விழுந்தால் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒரு தடவை எழுதும் டிஸ்க்கில் இரண்டு வகை உண்டு, மைனஸ் ஆரா பிளஸ் ஆரா என்ற கேள்வியும் இருக்கிறது. மாமாவின் டெக் மைனஸ் ஆருக்கு முகம் கொடுத்தது, பிளஸ் ஆரைத் தொடவில்லை. பிளஸ் ஆர் டிஸ்க்கில் மட்டும் இம்ஜ்பேர்ன் மூலம் டிஸ்க் தன் வகையைச் சொல்லும் குறிப்பான புக் டைப்பை, அச்சடித்த டிஸ்க்கைப் போல டிவிடி-ரொம் என்று மாற்றி எழுதலாம், ட்ரைவ் ஆதரித்தால். அப்படி எழுதியதும் பிளஸ் ஆரையும் ஏற்றுக்கொண்டது. மைனஸ் ஆரில் இதை மாற்ற முடியாது, தேவையும் இல்லை. வாங்கும்போதே மைனஸ் ஆர் வாங்கிவிட்டால் ஒரு தலைவலி குறைவு.

முதல் தொகுதி டிஸ்க்குகளில் மேலே படம் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் மாரிக் காலத்தில் நமது ஈரக் காற்றுக்குக் காகிதம் சுருங்கி விரிய, டிஸ்க் வளைகிறது. சற்று ஒருபக்கமாக ஒட்டுப்பட்டிருந்தால் சுழலும்போது நடுங்குகிறது. சுத்தமாக ஒட்டாமல் விடுங்கள். நடுவில் இருக்கும் தெளிந்த பகுதியில், மென்மையான முனையுள்ள மார்க்கரால் எழுதினால் போதும்.

டெக்கைத் திறந்தது

நல்ல டிஸ்க், நல்ல வேகம், சரியான கோப்பு. மற்ற வீடுகளில் எல்லாம் ஓடிவிட்டது. மாமாவின் டெக் மட்டும் சில நேரம் எடுத்தது, சில நேரம் "நோ டிஸ்க்" சொன்னது. அச்சடித்த டிஸ்க் ஒவ்வொரு தடவையும் ஓடியது. லேசர் களைத்துப் போனால் முதலில் கைவிடுவது ரைட் பண்ணிய டிஸ்க்கைத்தான். அச்சடித்ததை அதற்குப் பிறகும் வெகு நாள் படிக்கும். அச்சடித்த டிஸ்க் ஓடுவதை வைத்து லென்ஸ் நல்லது என்று சொல்ல முடியாது என்றால் காரணம் இதுதான்.

பவரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் மூடியைத் திறந்தேன். நமது 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போனதும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும். அந்தப் பக்கம் விரல் போகக் கூடாது.

லென்ஸில் மங்கலான ஒரு படலம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் எந்த எலக்ட்ரோனிக் சாமானைத் திறந்தாலும் இதைக் காணலாம், உப்பும் தூசும் சேர்ந்தது. பாமசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்ககோலில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் துடைத்து, காய்ந்த குச்சியால் ஒரு தடவை. லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குவது, அழுத்தினால் போய்விடும். லென்ஸ் ஓடும் தண்டில் கிரீஸ் காய்ந்து கறுத்திருந்தது. அதையும் வழித்து, வெள்ளைக் கிரீஸ் ஒரு பொட்டு வைத்தேன். தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் இளகியிருந்தது, மாற்றினேன்.

துடைத்த பிறகு நிலைமை முன்னேறியது. டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் நேரம் பாதியானது. ஆனால் நான்காவது டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் இன்னும் தடங்கியது.

லேசர் யூனிட்டின் பக்கத்தில் சிறு பொட்டுத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பி லேசரின் சக்தியைக் கூட்டினால் உடனே ஓடும் என்று நகரில் திருத்த வேலை செய்யும் ஒருவர் சொன்னார். ஓடும்தான். ஆனால் களைத்த லேசரை இன்னும் விரட்டுவது அது, சில மாதத்தில் முற்றாகப் போய்விடும். மாமாவின் டெக்கை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. யூனிட்டின் கீழ் இருந்த எண்ணைக் குறித்து, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து புதியதொன்றை எடுப்பித்தேன். 2,200 ரூபா.

மாற்றும்போது ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். புதிய யூனிட்டின் சிறு பலகையில் ஒரு பொட்டு ஈயம் இரண்டு புள்ளிகளை இணைத்திருக்கும். கையிலிருக்கும் நிலைமின்னால் லேசர் கெடாமல் இருக்க அப்படிச் செய்து அனுப்புகிறார்கள். யூனிட்டை டெக்கின் பலகையோடு இணைக்கும் தட்டையான வயரை (தட்டை வயர்) செருகிய பிறகுதான் அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் புதிய லென்ஸும் "நோ டிஸ்க்" என்றே சொல்லும், முன்கூட்டியே எடுத்தால் கெட்டுப்போக வாய்ப்பு. தட்டை வயரின் மடிப்பு நொய்ந்திருந்ததால் அதையும் சேர்த்து மாற்றினேன்.

இந்தத் தடவை நான்கு டிஸ்க்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னோக்கி ஓட்டாமல் முழுதாக ஓடவிட்டேன். மண்முனைப் பாலத்தைத் தாண்டி மாமாவின் வீட்டுக்கு டெக்கைக் கொண்டுபோய், அவருடைய டிவியிலும் ஓடவிட்டோம். பாலம் இல்லாமல் பாதை என்ற மிதவையில் வாவியைக் கடந்த காலமாக இருந்தால் இவ்வளவு தடவை டெக்கைத் தூக்கிக்கொண்டு போய் வந்திருப்பேனா தெரியாது. மாமா முதல் டிஸ்க் முழுவதும் பேசவில்லை. இரண்டாவதில் ஒரு வரவைப் பார்த்து, சல்லரி என்ற கைத்தாளத்தைக் குறித்து, "மருமகன், இந்த இடத்தில சல்லரி பிந்துது, பதிவில இல்ல, அண்டைக்கே பிந்தினது" என்றார். ஒலியும் படமும் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அதற்கு மேல் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

செலவும் அடுத்த முறையும்

ஒரு தொகுதிக்கு டிஸ்க் நான்கு, 760 ரூபா. உறை ஒவ்வொன்றும் 40. அடப்டர் 2,800. லேசர் யூனிட் 2,200, பெல்ட்டும் தட்டை வயரும் சேர்த்து 350. அல்ககோலும் கிரீஸும் 600க்குள். மென்பொருளில் எதற்கும் பணம் கொடுக்கவில்லை. சோதித்து வீணான மலிவு டிஸ்க்குகளின் விலையைக் கூட்டினால், முதலிலேயே நல்ல டிஸ்க் ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம்.

அடுத்த கூத்துக்குப் பதிவு எடுக்கும்போதே கமராவை செக்கனுக்கு 25 படத்தில், வரி முறை இல்லாமல் முழுப் படமாக எடுக்க வைப்பேன். ஃபோனில் எடுப்பவரிடம் படவேகத்தைப் பூட்டும் செயலி ஒன்றைப் போடச் சொல்வேன். மத்தளத்துக்குப் பக்கத்தில் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைக்க வேண்டும். இப்போதைய பதிவில் பிற்பாட்டுக்காரரின் குரல் ஜெனரேட்டர் சத்தத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது, அதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியவில்லை.

டிஸ்க் கொடுக்கும் வீடுகளில், யன்னல் வெயில் படும் ஷோகேஸில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிறேன். ரைட் பண்ணிய டிஸ்க்கின் சாயம் வெயிலுக்கு வெளிறும். மூலப் பதிவு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வேறு வேறு வீட்டில் இருக்கிறது, டிவிடி கோப்புகளும் அப்படியே. யாருடைய டிஸ்க்காவது பழுதானால் 8 எக்ஸில் ஒன்பது நிமிடத்தில் மறுபடி எழுதலாம். நல்ல டிஸ்க் நகரில் கிடைப்பது குறைந்துகொண்டே வருவதால், பெட்டியில் மிஞ்சியவற்றைக் கூத்துக்கு மட்டும் என்று எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.